குங்குமம் என்று நினைத்த கோடு

தாரணி, கவின்,

நீங்கள் இருவரும் ஒரு தீபாவளியைப் பற்றி என்னிடம் கேட்டதே இல்லை. அப்பா வீட்டுக்கு வராத தீபாவளி. தாரணி அப்போது ஒன்பதாவது, கவின் ஆறாவது என்று நினைக்கிறேன். கம்பெனியில் லீவு விடவில்லை என்று அம்மா சொன்னாள். நீங்களும் சரி என்று விட்டுவிட்டீர்கள். இத்தனை வாரமாக இந்தப் பத்திரிகையில் பவுண்டரிக் கதை எழுதுகிறேன், அந்தத் தீபாவளிக்குப் பக்கத்தில் வந்ததும் வேறு பக்கம் திரும்பிவிடுகிறேன். இந்த வாரம் எழுதிவிடுகிறேன்.

கம்பெனியில் லீவு விடவில்லை என்பது பொய். அம்மா சொன்ன பொய் இல்லை. நான் அம்மாவிடம் சொன்ன பொய்.

சனிக்கிழமை, நாலரை மணி

அப்போது நீங்கள் மூவரும் காங்கேயத்தில் இருந்தீர்கள். அம்மாவுக்கு அங்கே தேங்காய் எண்ணெய் ஆலையில் வேலை, உங்களுக்குப் பள்ளிக்கூடம். நான் கோவைக்கு வெளியே பவுண்டரிக்குப் பக்கத்தில் வரிசை ரூம் ஒன்றில் இருந்தேன். சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணி பஸ்ஸைப் பிடித்தால் ஏழரைக்குள் உங்கள் முகத்தைப் பார்க்கலாம். அந்த பஸ்ஸை விட்டால் அடுத்ததில் நின்றுகொண்டேதான் வர வேண்டும்.

எங்கள் பவுண்டரியில் உருக்கைக் காய்ச்சி மணல் அச்சில் ஊற்றி, வால்வுகளுக்கு வெளிக்கூடு வார்ப்போம். வால்வு பாடி என்போம். என் வேலை, வார்த்து வந்த உருப்படியில் கண்ணுக்குத் தெரியாத கீறல் இருக்கிறதா என்று பார்ப்பது.

அதைப் பார்க்கும் விதம் சுலபம்தான். முதலில் சுத்தமாகத் துடைக்க வேண்டும். அப்புறம் சிவப்புச் சாயம் அடித்து ஊற விட வேண்டும். கீறல் இருந்தால் சாயம் அதற்குள் இறங்கி உட்கார்ந்துகொள்ளும். மேலே இருப்பதைத் துடைத்துவிட்டு வெள்ளை ஸ்ப்ரே அடித்தால், உள்ளே ஒளிந்த சிவப்பு மெல்லக் கசிந்து வெள்ளையின் மேல் கோடாக வரும். நல்ல உருப்படி என்றால் வெள்ளை வெள்ளையாகவே இருக்கும். அதில் என் நம்பர் உள்ள முத்திரையைச் சுத்தியலால் தட்டுவேன். பாஸ்.

அன்று என் முன்னால் இருந்தது பதினேழாம் நம்பர் உருப்படி. வெள்ளை அடித்ததும் விரலில் அந்தச் சில்லிப்பு, மூக்கில் அந்தக் காரமான வாசனை. குழாயோடு போல்ட் போட்டு இணைக்கும் தட்டை விளிம்புக்கு, பிளேஞ்சு என்போம், அதற்குக் கீழே, கழுத்து மாதிரி ஒடுங்கும் இடத்தில், நகத்தின் நீளத்துக்கு ஒரு சிவப்பு தெரிந்தது.

குங்குமம் என்று நினைத்தேன்.

அப்படி நினைத்ததற்குக் காரணம் இருந்தது. மூன்று நாள் முன்னால்தான் ஆயுத பூஜை. உங்களையும் ஒரு தடவை கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன், பொரி கடலை பொட்டலம் வாங்கிக்கொண்டு வந்தீர்களே. உலைக்குப் பொட்டு, கிரைண்டிங் மெஷினுக்குப் பொட்டு, ஃபோர்க்லிப்டுக்கு மாலை. அந்த வருஷம் யாரோ உற்சாகத்தில், சோதனைக்கு வரிசையாக நின்ற இருபத்து நாலு வால்வு பாடிக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டார்கள். கடல் தாண்டிப் போகிற உருப்படிகள், சாமி கும்பிட்டு அனுப்புவோம் என்று. நானும் பக்கத்தில் நின்று கற்பூரத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

வார்ப்பின் மேல்தோல் சொரசொரப்பாக இருக்கும். குங்குமம் அதில் ஏறிக்கொண்டால் சுலபத்தில் போகாது. அந்த வாரம் ஏற்கெனவே இரண்டு மூன்று உருப்படியில் வெள்ளைக்கு மேல் இளஞ்சிவப்பாகத் தெரிந்து, திரும்பத் துடைத்து, திரும்பச் சாயம் அடித்துப் பார்த்தால் ஒன்றும் இல்லை. குங்குமம்தான். ஆகவே பதினேழிலும் அதுதான் என்று துணியால் துடைத்தேன். திரும்பச் சாயம் அடித்து ஊற வைத்துப் பார்க்க முக்கால் மணி நேரம் ஆகும். மணி நாலரை.

முத்திரையைத் தட்டிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினேன்.

உங்கள் மேல் பழி போடுவதற்காக இதை எழுதவில்லை. அன்று பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தது. அவினாசிபாளையம் தாண்டியதும் தூங்கிவிட்டேன். நல்ல தூக்கம்.

வெள்ளைக்கார அம்மணி

அந்த உருப்படிகள் நார்வே நாட்டுக்குப் போக வேண்டியவை. கடலுக்கு அடியில் எண்ணெயும் கியாஸும் எடுக்கும் குழாய்களில் மாட்டும் வால்வுகள். எங்களுக்கு அந்த நாட்டிலிருந்து வந்த முதல் ஆர்டர் அது. அனுப்புவதற்கு முன் அங்கிருந்தே ஒருவர் வந்து பார்ப்பார் என்றார்கள். கோட்டு போட்ட ஆண் ஒருவரை எதிர்பார்த்தோம். வந்தது ஒரு பெண்மணி. பெயர் இங்கிரிட். ஏறக்குறைய என் வயது. கனமான பூட்ஸ், குட்டையாக வெட்டிய நரைத்த முடி, சட்டைப் பையில் ஒரு டார்ச்.

தீபாவளிக்கு ஐந்து நாள் இருந்தது. அதற்குள் உருப்படிகளுக்கெல்லாம் துருப்பிடிக்காமலிருக்கப் பெயிண்ட் அடித்து வரிசையாக வைத்திருந்தோம். பெயிண்ட் அடித்தவர் ஜப்பார் பாய். உக்கடத்துக்காரர், மத்தியானம் என்னோடு சேர்ந்து சாப்பிடும் ஆள். என் டிபன் பாக்ஸில் தேங்காய்த் துவையல் இருந்தால் கேட்காமலே எடுத்துக்கொள்வார். அவர் வீட்டுக் கறி இருந்தால் நான் கேட்காமல் எடுத்துக்கொள்வேன்.

இங்கிரிட் மேடம் ஆறு உருப்படிகளைக் கைகாட்டினார். அவற்றில் ஓரிடத்தில் பெயிண்டைச் சுரண்டி, அவர் கண் முன்னால் நான் திரும்பச் சாயச் சோதனை செய்ய வேண்டும். ஆறும் வெள்ளையாக நின்றன. பதினேழை அவர் கைகாட்டவில்லை. அது அப்போது என் நினைவிலேயே இல்லை என்று எழுத ஆசையாக இருக்கிறது. ஆனால் அவர் விரல் பதினாறைத் தாண்டிப் பத்தொன்பதுக்குப் போனபோது எனக்குள் ஏதோ ஒன்று லேசானது. ஏன் என்று அப்போது நின்று யோசிக்கவில்லை.

முடிந்ததும் மேடம் என் கையைப் பார்த்து ஏதோ சொன்னார். எங்கள் மேனேஜர் குணசேகரன் சார் சிரித்தார். பெருந்துறையிலிருந்து தினம் வந்து போகிறவர், தங்கமான மனுஷர். "உங்க கை சுத்தமான கைன்னு சொல்றாங்க பழனிச்சாமி" என்றார்.

எண்ணெயே இல்லை என்று சொன்ன நாடு

மறுநாள் காலை டீ நேரத்தில் நான் மேனேஜரிடம் ஒரு விஷயம் கேட்கச் சொன்னேன். தாரணி, அது நீ கேட்ட கேள்வி. "இந்த வால்வெல்லாம் எங்க போகுதுப்பா, அந்த ஊர்ல எண்ணெய் எப்படி வந்துச்சு?" என்று போனில் கேட்டாயே. மேடத்திடமே கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லியிருந்தேன்.

மேடம் தகர ஸ்டூலில் உட்கார்ந்து, டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தார். மேனேஜர் தமிழில் சொன்னார். நான் எழுதுவதில் பாதி அவர் சொன்னது, பாதி அப்புறம் போனில் தேடிப் பார்த்துத் தெரிந்துகொண்டது. தப்பிருந்தால் அது என் தப்பு.

அவர் ஊர் ஸ்டாவாங்கர். அவர் சின்னப் பெண்ணாக இருந்தபோது அது மத்தி மீனை டப்பாவில் அடைக்கும் ஊர். அவர் அம்மாவும் மீன் அடைக்கும் ஆலைக்குத்தான் போனார். துணியில் எப்போதும் மீன் புகை வாசனை. (இங்கே நான் நம் வீட்டு எண்ணெய் ஆலை வாசனையைச் சொன்னேன். மேனேஜர் அதையும் சொன்னார். மேடம் தலையாட்டினார்.)

அந்த நாட்டுக் கடலில் எண்ணெய் கிடைக்க வழியே இல்லை என்று படித்தவர்கள் அரசாங்கத்துக்கு எழுதியே கொடுத்துவிட்டார்களாம். அப்புறம் பக்கத்தில் ஹாலந்து நாட்டில் பூமிக்கடியில் ஏராளமாக கியாஸ் கிடைத்தது. அந்தப் படுகை கடலுக்குள்ளும் நீண்டு போகலாம் என்று வெளிநாட்டுக் கம்பெனிகள் வந்து நின்றன. நார்வேக்காரர்கள் அவசரப்படவில்லை. முதலில் கடலடி எங்களுடையது என்று சட்டம் போட்டார்கள். எதிரே இருக்கும் நாடுகளோடு உட்கார்ந்து நடுவில் கோடு போட்டுக்கொண்டார்கள். அதற்கப்புறம்தான் துளை போட விட்டார்கள்.

துளைக்கு மேல் துளை. வறண்ட துளை. கொஞ்சம் எண்ணெய் தெரியும், காசுக்கு ஆகாது. சில வருஷம் இப்படியே போய், ஒரு கம்பெனி மூட்டையைக் கட்டிவிடலாம் என்ற நிலைக்கு வந்தது. ஆனால் துளை போடும் கப்பலை வாடகைக்குப் பேசியாகிவிட்டது, கெடு பாக்கி இருக்கிறது. சும்மா நிற்பதற்கு இன்னொரு துளை போட்டுப் பார்ப்போமே என்று போட்டார்கள். கிறிஸ்துமஸ் நெருங்கும் சமயம். எண்ணெய் வந்தது. சாதாரணமாக இல்லை.

இதைக் கேட்டதும் ஜப்பார் பாய் என் பக்கம் திரும்பி, "உங்கப்பன் கதையாட்ட இருக்குது பழனி" என்றார்.

என் அப்பாவின் போர்வெல் கதையை அவரிடம் பல தடவை சொல்லியிருக்கிறேன். காங்கேயம் மண்ணில் தண்ணீர் தேடி என் அப்பா மூன்று போர் போட்டார். திருச்செங்கோட்டு ரிக் வண்டி வந்து நிற்கும், ஊரே காதைப் பொத்திக்கொண்டு நிற்கும், குழியிலிருந்து வெள்ளைப் புழுதிதான் கிளம்பும். பக்கத்துக் காட்டுக்காரர், "மாமா, பேசாம பவுடர் கம்பெனி வெச்சுப்போடுங்க" என்பார். மூன்றாவது குழியில் ரிக்காரர், இறக்கினது இறக்கினதுதான், இன்னும் அம்பது அடி போய்ப் பார்க்கலாமா என்று கேட்டார். அப்பா வேண்டாம் என்றார். மறு வருஷம் நான் ஐ.டி.ஐ.யில் சேர்ந்தேன், அதற்கப்புறம் பவுண்டரி. அந்த அம்பது அடியில் தண்ணீர் இருந்ததா என்று இன்று வரை யாருக்கும் தெரியாது.

மேனேஜர் இதையும் மேடத்துக்குச் சொன்னார். அவர் சிரிக்கவில்லை. அவர்கள் ஊரிலும் அந்த அம்பது அடி போகாமல் திரும்பிய கம்பெனிகள் உண்டு என்றார்.

எண்ணெய் வந்த பிறகும் கஷ்டம்தானாம். கடலடியில் ஊருக்கும் எண்ணெய்க்கும் நடுவே பெரிய பள்ளத்தாக்கு. குழாயை அதன் குறுக்கே போட அப்போது வழி தெரியவில்லை. அதனால் அவர்கள் எண்ணெய் முதலில் இங்கிலாந்தில் போய்த்தான் கரையேறியது. ஆழத்தில் இறங்கி வேலை செய்த முக்குளிப்பவர்கள் பலருக்கு உடம்பும் மனசும் கெட்டுப்போனது. எண்ணெயை உறிஞ்ச உறிஞ்சக் கடலடியே கீழே இறங்கி, மேலே நின்ற இரும்பு மேடைகளை ஜாக்கி வைத்துத் தூக்கினார்களாம். நாம் லாரிக்கு வைக்கிற மாதிரிதான், அளவு வேறு. வந்த வருமானத்தை அள்ளிச் செலவழிக்காமல், இன்னும் பிறக்காத பிள்ளைகளுக்கும் சேர்த்து ஒதுக்கி வைத்திருக்கிறார்களாம். இந்த இடத்தில் மேனேஜர் அவராகவே ஒரு வார்த்தை சேர்த்துக்கொண்டார்: "நம்மூர்ல இருந்தா இந்நேரம் ஒதுக்குனவனை ஒதுக்கியிருப்பாங்க."

எல்லோரும் சிரித்தோம். அதுவரை அது நல்ல டீ நேரம்.

கீறலுக்குள் என்ன இருந்தது

மேடத்தின் அப்பாவும் மீன் ஆலையை விட்டுக் கடலுக்கு வேலைக்குப் போனவர். வேலை செய்பவர்கள் தங்குவதற்கென்றே கடலில் மிதக்கும் மேடை ஒன்று இருந்தது. ஐந்து கால். ஒரு நாள் புயல் காற்றில் அதில் ஒரு கால் ஒடிந்து, மேடை சாய்ந்து கவிழ்ந்தது. நூறு பேருக்கு மேல் போய்விட்டார்கள். மேடத்தின் அப்பா அந்த வாரம் லீவில் வீட்டில் இருந்தார். அவருக்குப் பதிலாக அவர் படுக்கையில் படுத்தவர் வரவில்லை.

இதைச் சொல்லும்போது மேடத்தின் குரலில் ஒரு மாற்றமும் இல்லை. எத்தனையோ தடவை சொல்லிப் பழகியது தெரிந்தது.

பிற்பாடு ஒடிந்த காலைக் கரைக்குக் கொண்டுவந்து ஆராய்ந்தார்கள். ஒரு சின்ன உறுப்பைப் பற்றவைத்த இடத்தில் இருந்த கீறல்தான் வளர்ந்து வளர்ந்து அங்கே கொண்டுவந்து விட்டிருக்கிறது. மேடம் டீ கிளாஸைக் கீழே வைத்தார். ஏதோ சொன்னார். மேனேஜர் தமிழில் சொன்னார்.

"அந்தக் கீறலுக்குள்ளே பெயிண்ட் இருந்துச்சாமுங்க."

யாருக்கும் உடனே புரியவில்லை. மேனேஜர் விளக்கினார். கடலில் விழுந்த கீறல் என்றால் உள்ளே பெயிண்ட் எப்படிப் போகும்? கட்டும்போதே கீறல் இருந்திருக்கிறது. அதன் மேல் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். அதற்கு முன்னால் யாரோ ஒருவர் அதைப் பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை. யார், எந்த ஊர், எந்தப் பட்டறை, எனக்குத் தெரியாது. மேடமும் சொல்லவில்லை.

ஜப்பார் பாய் கிளாஸைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "நான் அடிக்கறதுக்கு முன்னாடி பார்க்கறது உன்ற வேலைப்பா பழனி. நாளைக்கு ஏதாச்சும் ஒண்ணுன்னா எம்மேல சாட்டிப்போடாதே."

விளையாட்டுக்குத்தான் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அப்போதுதான் தெரிந்தது. இல்லை, தெரிந்துதான் இருந்தது, அப்போதுதான் அதை ஒத்துக்கொண்டேன். குங்குமம் பரவும். தீற்றலாக, மங்கலாக, எல்லைக் கோடு இல்லாமல் பரவும். நான் பதினேழில் பார்த்தது தீற்றல் இல்லை. கோடு.

நீங்களே சொல்லிக்குங்க

மேனேஜரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் நெற்றியைத் தடவிக்கொண்டார். நான் சொன்ன ஒவ்வொன்றுக்கும் "சரிங்க" என்றார். முடித்ததும் சொன்னார்:

"ஏனுங்க பழனிச்சாமி, நீங்க ஒண்ணைச் சொன்னா அவங்க ஒண்ணைப் பார்க்க மாட்டாங்க. இருபத்து நாலுலயும் இருக்கறது உங்க முத்திரை. இருபத்து நாலையும் சுரண்டச் சொல்லுவாங்க. லாரி நாளைக்கு. தீபாவளிக்கு நாலு நாளு. அத்தனை பேரும் பஸ்ஸுக்கு டிக்கெட் போட்டு வெச்சிருக்கறாங்க."

அது குங்குமமாகவும் இருக்கலாமே என்றார். இருக்கலாமுங்க சார் என்றேன். அப்புறம் என்ன என்றார். மேடம் இருந்த ஆபீஸ் ரூம் பக்கம் திரும்பினேன்.

"சொல்றதுன்னா நீங்களே சொல்லிக்குங்க. நான் மொழிபெயர்க்க மாட்டேனுங்க. அத்தனை பேர் ஊட்டுத் தீபாவளி, என்ற வாயால கெட வேண்டாம்."

அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. தடுக்கவில்லையே.

என் இங்கிலீஷ் உங்களுக்குத் தெரியும். ரிப்போர்ட்டில் எழுதும் பத்து வார்த்தைதான். மேடம் ஆபீஸ் ரூமில் கையெழுத்துப் போட ஆரம்பித்திருந்தார். வாசலில் நின்று, "மேடம், கம்" என்றேன். பதினேழுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன். கழுத்து இடத்தைத் தொட்டேன். சிவப்பு டப்பாவைக் காட்டினேன், வெள்ளை டப்பாவைக் காட்டினேன். நகத்தைக் காட்டி, "ரெட் லைன். ஐ சீ. ஐ க்ளீன். நோ டெஸ்ட் அகெய்ன்" என்றேன்.

ஏன் என்று கேட்டார். பூஜை அலமாரியிலிருந்து குங்குமச் சிமிழை எடுத்துவந்து, என் புறங்கையில் தொட்டு வைத்து, உருப்படியைக் காட்டினேன். கொஞ்ச நேரம் என் கையைப் பார்த்தார், உருப்படியைப் பார்த்தார். புரிந்தது. அப்புறம் கடிகாரத்தைக் காட்டி, ஏன் திரும்பச் செய்யவில்லை என்று கேட்டார் போல. "பஸ்" என்றேன். "மை சில்ட்ரன்" என்றேன்.

அவர் திட்டவில்லை, பாராட்டவும் இல்லை. கையிலிருந்த காகிதத்தை இரண்டாக மடித்துப் பைக்குள் வைத்தார். வரிசையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கையை நீட்டிக் காட்டினார்.

"ஆல்" என்றார்.

தீபாவளி

மத்தியானத்துக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. மறுநாள் வர வேண்டிய லாரியை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். மேடம் விமான டிக்கெட்டை மாற்றிக்கொண்டார். பெயிண்டைக் கரைத்துச் சுரண்ட வேண்டும், உருப்படிக்கு உருப்படி திரும்பச் சோதிக்க வேண்டும், திரும்பப் பெயிண்ட். தேனிக்குப் போக வேண்டிய கிரைண்டிங்காரர், விருதுநகர்க்காரர், எல்லோரும் போனை எடுத்துக்கொண்டு ஒதுக்குப்புறமாகப் போனார்கள். அவர்கள் வீட்டில் என்ன சொன்னார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. திரும்பி வரும் முகங்களை மட்டும் பார்த்தேன்.

நானும் அம்மாவுக்குப் போன் போட்டேன். கம்பெனியில் விடவில்லை என்றேன். "அப்படிங்களா" என்றாள். அப்புறம், "கவினுக்குச் சட்டை அளவு சரியா இருக்குதுங்க" என்றாள். உண்மையைச் சொல்லியிருக்கலாம். என்னால் இருபது குடும்பத்துக்குத் தீபாவளி போச்சு என்று அவளிடம் சொல்ல வாய் வரவில்லை.

நம் பக்கத்து ஆட்கள் சண்டை போட மாட்டார்கள், உங்களுக்கே தெரியும். யாரும் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. சாயம் வேண்டுமென்றால் "எடுத்துக்குங்க" என்றார்கள். ஏணி வேண்டுமென்றால் நகர்ந்து வழி விட்டார்கள். ஜப்பார் பாய் தான் அடித்த பெயிண்டைத் தானே கரைத்துக்கொண்டிருந்தார். அது அவர் பண்டிகை இல்லை, ஆனால் அந்த லீவில் மச்சினி நிக்காஹுக்கு பாலக்காடு போவதாக இருந்தது. பக்கத்தில் போய், "பாய், மன்னிச்சுக்க" என்றேன்.

"போச்சாதுங்க, பரவாயில்லீங்க" என்றார். "அன்னிக்கே தோணியிருந்தா நல்லா இருந்திருக்குமுங்க. அவ்வளவுதானுங்க."

பதினோரு வருஷமாக என்னை வா போ என்று பேசியவர்.

பதினேழைத் தீபாவளியன்று காலையில் சோதித்தோம். வெளியே எங்கெங்கோ வெடிச் சத்தம். நான் தொடக் கூடாது என்று மேடம் சொல்லிவிட்டார், இன்னொரு பவுண்டரியிலிருந்து வந்த ஆள் செய்தார். நான் நாலடி தள்ளி நின்றேன். சிவப்பு ஊறியது. துடைத்தார். வெள்ளை அடித்தார். எல்லோரும் கூடி நின்று பார்த்தார்கள். முதலில் ஒன்றுமில்லை. அப்புறம் கழுத்து இடத்தில், தலைமுடி மாதிரி, அதே நீளத்துக்கு, அதே இடத்தில், கோடு எழும்பியது.

உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கீறல் இருந்ததற்காகச் சந்தோஷப்பட்ட சோதனைக்காரன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். நிமிர்ந்து எல்லோர் முகத்தையும் பார்த்தேன்.

கிரைண்டிங்காரர் மெஷினை எடுத்து அந்த இடத்தை லேசாகத் தேய்த்தார். திரும்பச் சோதித்தார்கள். கோடு பாதியாகியிருந்தது. இன்னும் கொஞ்சம் தேய்த்தார். மறைந்துவிட்டது. ஒரு அரிசி ஆழம் கூட இல்லை. மேடம் கருவியை வைத்துக் கனத்தை அளந்தார், போதுமான கனம் இருந்தது. பற்றவைக்கக் கூடத் தேவையில்லை. பாஸ். மற்ற இருபத்து மூன்றும் சுத்தம்.

கிரைண்டிங்காரர் மெஷினைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இவ்வளவுதானுங்களா?" என்றார்.

அது போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மேடத்திடம் கேட்கச் சொல்லி மேனேஜரிடம் கேட்டேன். மேடம் யோசித்துவிட்டுச் சொன்னது: தெரியாது. ஒருவேளை அறுபது வருஷம் ஒன்றும் ஆகாமலே இருந்திருக்கும்.

அப்புறம்

லாரி போனது. மேடமும் போனார். போகும்போது எல்லோருக்கும் கை கொடுத்தார், எனக்கும் அதே மாதிரிதான் கொடுத்தார். அவர் ரிப்போர்ட்டில் என் பெயர் இல்லை, என் நம்பர் மட்டும் இருந்தது. விதிமுறைப்படி என் முத்திரையை வாங்கி வைத்துக்கொண்டார்கள். திரும்பப் பரீட்சை எழுதித் தேறும் வரை ஸ்டோர் ரூமில் போல்டும் நட்டும் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். தேறினேன். பழைய வேலையும் கிடைத்தது.

ஆனால் மத்தியானச் சாப்பாட்டுக்கு வேப்ப மரத்தடியில் எனக்கு இடம் திரும்பக் கிடைக்கவில்லை. போனால் நகர்ந்து இடம் கொடுப்பார்கள். "வாங்க, உக்காருங்க" என்பார்கள். பேச்சு நின்றுவிடும். இரண்டு மூன்று தடவை போய்ப் பார்த்துவிட்டு, சோதனை போடும் கொட்டகைக்குள்ளேயே டிபன் பாக்ஸைத் திறக்க ஆரம்பித்தேன். ஜப்பார் பாய் அடுத்த வருஷம் சோமனூர் பக்கம் தறிப்பட்டறைக்கு பெயிண்ட் வேலை எடுத்துக்கொண்டு போய்விட்டார். போகிற அன்று சொல்லிக்கொண்டுதான் போனார். "வாரேனுங்க" என்றார்.

அந்த வருஷங்களில் அப்பா ஏன் வீட்டுக்கு வந்தால் அதிகம் பேசுகிறார் என்று நீங்கள் அலுத்துக்கொள்வீர்கள். வாரம் முழுக்கப் பேசாத பேச்சு அது.

நான் செய்தது சரியா என்று கேட்டால், சரிதான் என்பேன். அது சரியாக இருந்ததால் மற்றதெல்லாம் சரியாகிவிடவில்லை. இதை உங்களிடம் சொல்லத்தான் இத்தனை நாள் தயங்கினேன்.

ஒரு மத்தியானம், அடுத்த வருஷ மார்கழிக் கடைசி இருக்கும், கொட்டகையில் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். பதினேழு இந்நேரம் எங்கே இருக்கும் என்று தோன்றியது. கடலடியில் ஏதோ ஒரு குழாயில், இருட்டில், இனி எந்த மனிதரும் பார்க்க முடியாத இடத்தில் இருக்கும். போனை எடுத்து அந்தக் கடலின் பெயரை இங்கிலீஷில் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினேன். அன்றைய காற்றும் மழையும் காட்டியது. அலை உயரம் ஏழு மீட்டர் என்று போட்டிருந்தது.

ஏழு மீட்டர் என்றால் எவ்வளவு என்று எனக்கு மனதில் வரவில்லை. கையைக் கழுவிவிட்டு டேப்பை எடுத்தேன். கிரேன் ஓடும் தண்டவாளத்துக்கு ஏற ஒரு இரும்பு ஏணி உண்டு. டேப்பின் நுனியைத் தரையில் ஒரு இரும்புத் துண்டுக்கு அடியில் செருகிவிட்டு, மறுமுனையைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். ஏழு வந்த இடத்தில் சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டேன். இறங்கி வந்தேன்.

டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு, அந்தக் கோட்டுக்கு நேர் கீழே போய் நின்று அண்ணாந்து பார்த்தேன்.